சாம்பார் வாளியும் ஜோஷுவா கிடிங்ஸும்

துறைத் தலைவர் மேடத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கிறாய்? பதினொன்றரைக்கு முன்னால் வரமாட்டார். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே? உள்ளே வந்து உட்கார். வராந்தாவில் நின்றால் மட்டும் சீக்கிரம் வந்துவிடப் போகிறாரா என்ன? அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு மூன்று கால்தான் நிஜம். இப்படி வா. வருகிற வழியில் அந்த அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வா. ஆமாம், அதுதான். அடியில் கை கொடுத்துத் தூக்கு. என் கிடிங்ஸ் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறார்.

யாரா? சரியாகப் போயிற்று. வரலாற்றுத் துறையில் பிஎச்.டி. சேர வந்திருக்கிறாய், ஜோஷுவா கிடிங்ஸ் யார் என்று கேட்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. என் நெறியாளரே மூன்று வருஷமாக அவரை 'உங்க ஆளு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பேரைச் சொல்லச் சொன்னால் அவருக்கு ஏதாவது அவசர போன் வந்துவிடும்.

அமெரிக்காக்காரர். ஒஹையோ. போன நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டு. காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பம், பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனதில்லை, தானே படித்து வக்கீலாகி, பிறகு இருபது வருஷம் பிரதிநிதிகள் சபையில் உட்கார்ந்து அடிமை முறையைத் திட்டிக்கொண்டே இருந்தவர். அங்கே அப்போது என்ன விதி தெரியுமா? அடிமை முறைக்கு எதிராக மக்கள் மனு அனுப்பினால் அதைப் படிக்காமலேயே ஓரமாக வைத்துவிட வேண்டும். படிக்கக் கூடாது! நம் ஊர்ப் பக்கம் அந்த வசதிக்கு விதியே தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். அந்த டேப்பின் நுனியைப் பிடி. இன்னும் இழு. ம்.

இந்த ஜன்னலோர மேசை ஆய்வாளர் பிரதிநிதியுடையது. அந்த பீரோ சாவியும் பிரதிநிதியிடம்தான் இருக்கும். இரண்டு வருஷமாக இரண்டும் என்னிடம்தான். இன்று நாலு மணிக்குள் ஒப்படைத்துவிட வேண்டுமாம். யாரிடம்? கோகிலவாணியிடம். அது யார் கோகிலவாணி? பொறு, வருகிறேன். கதையை வாலிலிருந்து சொன்னால் எனக்குப் பிடிக்காது.

தை மாதம் எங்கள் நெறியாளர் புருஷோத்தமன் சார் புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். அவருக்குக் கீழே ஆய்வு செய்கிறவர்கள் ஐந்து பேர். அவருடைய அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது ஒருவர். மகளை டியூஷனிலிருந்து கூட்டி வருவது ஒருவர். காஸ் சிலிண்டர் வரும் நாளில் வீட்டில் இருப்பது ஒருவர். ஆய்வு விதிமுறைப் புத்தகத்தை மூன்று முறை புரட்டினேன், காஸ் சிலிண்டர் எந்தப் பிரிவில் வருகிறது என்று தெரியவில்லை. ஒருவேளை 'கள ஆய்வு' என்ற பிரிவாக இருக்கலாம்.

சரி, புதுமனை புகுவிழா. நானூறு பேருக்குச் சாப்பாடு. பரிமாற ஆள் வைக்கவில்லை. எதற்கு வைக்க வேண்டும்? துறையில் முதுகலை முடித்த ஆட்கள் இத்தனை பேர் இருக்கும்போது? என் கையில் சாம்பார் வாளி. அமெரிக்க அடிமை ஒழிப்பு அரசியலில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறவள், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இலை இலையாகக் குனிந்து குனிந்து சாம்பார் ஊற்றுகிறேன். ஒரு பெரியவர், "ஏம்மா பொண்ணு, முருங்கைக்காய் பார்த்துப் போடு" என்கிறார். இன்னொருவர் சாரைப் பார்த்து, "சார், எந்த கேட்டரிங்? பொண்ணுங்க எல்லாம் பவ்யமா இருக்காங்களே" என்று கேட்கிறார். சார் என்ன சொல்ல வேண்டும்? 'இவர்கள் ஆய்வாளர்கள்' என்று சொல்ல வேண்டுமா இல்லையா? சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே, "கேட்டரிங் இல்ல சார், நம்ம பிள்ளைங்கதான். சொல்லவே வேணாம், அவங்களா அன்பா செய்றாங்க" என்கிறார்.

அன்பாம்! நான் வாளியைக் கீழே வைத்தேன். ஒரு துளி சிந்தவில்லை. ஆனால் வைத்தேன்.

அந்த நிமிஷம் எனக்கு கிடிங்ஸ் ஞாபகம் வந்தார். க்ரியோல் என்று ஒரு கப்பல். வர்ஜீனியாவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குப் போகிறது. நடுக்கடலில் அவர்களில் சிலர் எழுந்து கப்பலைக் கைப்பற்றி, ஆங்கிலேயர் வசமிருந்த ஒரு தீவுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இறங்கியவர்களுக்கு விடுதலை. அமெரிக்க அரசாங்கம், 'எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடு' என்று குதிக்கிறது. கிடிங்ஸ் சபையில் எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். அடிமை முறை என்பது மாநிலச் சட்டம். கரையைத் தாண்டினால் அந்தச் சட்டம் செல்லாது. கடலில் அவர்கள் மனிதர்கள், எழுந்தது குற்றமில்லை. எவ்வளவு அழகு, பார்த்தாயா?

உடனே நானும் ஒரு தீர்மானம் எழுதினேன். 'நெறியாளரின் அதிகாரம் துறை வாசல்வரைதான். வாசலைத் தாண்டினால் அது கடல்.' நான்கு பக்கம். கோகிலவாணிதான் தட்டச்சு செய்தாள்.

அவள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண். எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர், விடுதியில் அடுத்த அறை. நல்ல பெண், குறையே சொல்ல மாட்டேன். என் ஆய்வேட்டில் நான்கு அத்தியாயம் அவள் அடித்ததுதான். எனக்குத் தட்டச்சு செய்தால் சிந்தனை அறுந்துவிடும். காலையில் ஒன்பதுக்கு முன்னால் எழுந்தால் தலைவலி வரும், அதனால் மெஸ்ஸிலிருந்து டிபன் அவள் எடுத்து வைத்துவிடுவாள். மொட்டை மாடியில் காயும் துணியை அவளுடையதோடு சேர்த்து எடுத்து வந்துவிடுவாள். நான் ஒரு நாளும் 'செய்' என்று சொன்னதில்லை. 'கோகிலா, மெஸ் பக்கமா போற?' என்பேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவளாக, அன்பாகச் செய்வது. எங்களுக்குள் அப்படி ஒரு ஒட்டுதல்.

என்ன சிரிப்பு? அந்தக் கத்தரிக்கோலைக் கொடு.

ஆனால் அவளுக்கு வரலாற்றுப் பார்வை போதாது. மூன்றாம் அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தி, "அக்கா, இந்தப் பரிமாறுறவரு கதைய ஏனுங்க்கா இவ்வளவு சின்னதா போட்டுட்டீங்க?" என்றாள். எது தெரியுமா? கிடிங்ஸ் வாஷிங்டனில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். அங்கே சாப்பாடு பரிமாறின கறுப்பினத்து ஆள் ஒருவர், உழைத்துத் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர். அடிமை வியாபாரிகளின் ஆட்கள் ஆயுதத்தோடு வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிடிங்ஸ் தேடிக்கொண்டு போனார், சபையிலும் கேள்வி எழுப்பினார். உருக்கமான சம்பவம், இல்லை என்று சொல்லவில்லை. அடிக்குறிப்பில் கொடுத்திருக்கிறேனே! இரண்டரை வரி! சட்டம், கோட்பாடு, சபை விவாதம் இதையெல்லாம் விட்டுவிட்டு, பந்தியில் பரிமாறுகிற ஆளுக்கு யாராவது ஓர் அத்தியாயம் கொடுப்பார்களா? "எனக்கென்னமோ அதுதானுங்க்கா மெயினுன்னு தோணுது" என்றாள். "நீ டைப் பண்ணு, யோசிக்கிறதை நான் பார்த்துக்கறேன்" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

மாசி மாதத் துறைக் கூட்டம். பிரதிநிதிக்கு ஐந்து நிமிஷம் உண்டு. மேடம், ஆறு ஆசிரியர்கள், நான். எனக்கு முன்னால் இருந்த பொருள், கருத்தரங்க அறைக்கு மின்விசிறி வாங்குவது. அதற்கு நாற்பது நிமிஷம் ஓடியது. மூன்று றெக்கையா நான்கு றெக்கையா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. பிறகு நான் எழுந்து, 'கரையைத் தாண்டினால் கடல்' என்று ஆரம்பித்தேன். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஆதிரை, கடல் கிடல்லாம் இங்க எதுக்கும்மா? நேரமாச்சு, அடுத்ததுக்குப் போயிடலாம்" என்றார். புருஷோத்தமன் சார், "மேடம், இந்தப் பொண்ணு பேசினதுக்கு ஒரு கண்டனம் மினிட்ஸ்ல ஏத்திடுங்க" என்றார். ஆறு தலையும் ஆடியது. ஒரு வார்த்தை பதில் பேச விடவில்லை.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அழுகை வந்திருக்கும் என்று நினைக்கிறாய். புல்லரித்தது! ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு, மார்ச் மாதம், இதே மாதிரிதான். கிடிங்ஸ் பதில் சொல்ல விடாமல் நூற்று இருபத்தைந்து பேர் கை தூக்கிக் கண்டனம் போட்டார்கள். அவர் அங்கேயே பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு ஊருக்குப் போனார். இடைத்தேர்தல். ஏழாயிரத்துச் சொச்சம் ஓட்டு அவருக்கு. எதிர்த்து நின்றவருக்கு நானூறுகூடத் தேறவில்லை. ஒன்றரை மாதத்துக்குள் அதே சபை, அதே நாற்காலி. கண்டனம் போட்டவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

நானும் அங்கேயே ராஜினாமாக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஆமாம், கையில்தான் இருந்தது. முதல் நாளே அடிக்கச் சொல்லியிருந்தேன். கோகிலாதான் அடித்தாள். "அக்கா, கூட்டமே நாளைக்குத்தானுங்களே? அதுக்குள்ள ராஜினாமாங்களா?" என்று கேட்டாள். வரலாற்றுப் பார்வை இல்லை என்று சொன்னேனல்லவா?

பிறகு ஊருக்குப் போனேன். அறந்தாங்கி. மக்கள் கொதித்தெழுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டாமா? பத்து நாள் இருந்தேன். அம்மா, "ஏன்டி, லீவா?" என்றார். "இல்லம்மா, ராஜினாமா" என்றேன். "எதுல இருந்து?" என்றார். விளக்கிச் சொன்னேன். "சம்பளம் இல்லாத வேலைய விடுறதுக்கு ஒரு லெட்டரா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். போன் ஒன்றும் வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது, கோகிலாவிடமிருந்து. ஆவலாக எடுத்தேன். "அக்கா, பீரோ சாவி உங்ககிட்டயாங்க இருக்குது? பிரிண்டருக்குப் பேப்பர் எடுக்கோணும்."

திரும்பி வந்தபோது இடைத்தேர்தல் அறிவித்திருந்தார்கள். மொத்தம் பதினொரு ஆய்வாளர்கள். நான் மட்டும்தான் நிற்பேன் என்று நினைத்தேன். வேறு யாருக்குத் துணிச்சல்? பலகையில் பார்த்தால் இரண்டாவது பெயர், ம. கோகிலவாணி.

பிரசாரக் கூட்டம் இதே அறையில் நடந்தது. நான் ஐம்பது நிமிஷம் பேசினேன். க்ரியோலில் தொடங்கி, மனுக்களைப் படிக்கவிடாத விதி, கண்டனம், ராஜினாமா, கடைசியில் ஆயிரத்து எண்ணூற்று அறுபதில் நடந்த அவருடைய கட்சி மாநாடுவரை வந்தேன். 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்ற வாசகத்தைக் கொள்கை அறிக்கையில் சேர்க்க மாட்டோம் என்றார்கள், கிழவர் கிடிங்ஸ் எழுந்து வெளிநடப்பு செய்தார், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று நிறுத்தினேன். யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். அடுத்து கோகிலா எழுந்தாள். "எனக்குப் பேச வராதுங்க. மணி ஒண்ணரை ஆச்சு, எல்லாரும் சாப்பிடப் போலாமுங்களா?" இவ்வளவுதான் பேச்சு. இதற்குக் கைதட்டுகிறார்கள்!

இல்லை, ஒன்று கேட்டாள். போகிற போக்கில், எல்லார் முன்னாலும். "அக்கா, அம்பத்தெட்டுல அவுங்க ஊர்க்காரங்களே கிடிங்ஸுக்கு சீட்டுக் குடுக்காம விட்டுட்டாங்களே, அது எந்த அத்தியாயத்துலீங்க வரும்?" அது ஐந்தாம் அத்தியாயம். அதை நான் இன்னும் எழுதவில்லை. கிடிங்ஸுக்கு உடம்பு சரியில்லை, அடிக்கடி சபைக்குப் போகவில்லை, அதனால் வேறு ஆளைப் போட்டார்கள். சின்ன விஷயம். அதில் ஓர் அடிக்குறிப்பு போதும் என்று வைத்திருந்தேன்.

ஓட்டுப் பெட்டி, சாக்பீஸ் டப்பா. எண்ணினவர் அலுவலக உதவியாளர் பிச்சையா அண்ணன். ஒன்பதுக்கு இரண்டு.

ஒன்பது அவளுக்கு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு பார்க்காதே, இரண்டு எனக்கு. ஒன்று நான் போட்டது. கிடிங்ஸ் தனக்குத் தானே ஓட்டுப் போட்டாரா என்று தெரியவில்லை, ஆவணம் கிடைக்கவில்லை, அதனால் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். இன்னொன்று? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அவளே சொன்னாள். "நான்தானுங்க்கா உங்களுக்குப் போட்டேன். நமக்கு நாமளே போட்டுக்கறது ஒரு மாதிரியா இருந்துச்சு." பார்த்தாயா? வென்றவளே ஒப்புக்கொள்கிறாள், தகுதி யாருக்கு என்று!

அதற்கப்புறம் நடந்ததுதான் தாங்க முடியாதது. மற்ற ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியர் அறை வாசலுக்கும் போயிருக்கிறாள். தீர்மானம் இல்லை, மேற்கோள் இல்லை, கடல் இல்லை. பத்துப் பேரும் நின்றுகொண்டு, "இனிமே வீட்டு வேலைக்கு எங்கள அனுப்பாதீங்க சார், எங்க வேலை நிக்குதுங்க" என்றார்களாம். அவ்வளவுதான். ஒருத்தர் பேசினால் கண்டனம் போடலாம், பத்துப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வார்கள்? போன வாரம் கண் ஆஸ்பத்திரியில் புருஷோத்தமன் சாரே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டோக்கன் வரிசையில் நின்றாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நல்லதுதானே என்கிறாயா? நீயும் அந்தக் கட்சியா? எப்படி நல்லது? கோட்பாடு எங்கே? 'மாட்டோமுங்க' என்று சொல்வது ஒரு வாதமா? நாளை யாராவது இதை ஆய்வு செய்ய வந்தால் எதை மேற்கோள் காட்டுவார்கள்? அது போகட்டும். திரும்பி வந்து அறிவிப்பு எழுதி அந்தக் கதவில் ஒட்டியிருக்கிறாள். உள்ளே வரும்போது படித்தாயா? உரக்கப் படி. என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

'ஆய்வாளர்கள் யாருடைய சொந்த வேலையையும் செய்யத் தேவையில்லை. நெறியாளர் ஆனாலும் சரி, மூத்த ஆய்வாளர் ஆனாலும் சரி.'

மூத்த ஆய்வாளர்! இந்த அறையில் மூத்த ஆய்வாளர் எத்தனை பேர்? எண்ணிப் பார். ஒருத்தி. எனக்கும் புருஷோத்தமன் சாருக்கும் ஒரே வரி. சாம்பார் வாளியைக் கீழே வைத்தவளும், வாளியைக் கொடுத்தவரும் ஒரே வரியில்! அவளிடம் நேரில் கேட்டேன், "என்ன கோகிலா, நான் உன்னை அடிமையாவா வச்சிருந்தேன்?" என்று. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க்கா" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "என்ன, ஒரு நாளும் 'வரியா'ன்னு கேட்டதில்ல, 'போறியா'ன்னுதான் கேட்டிருக்கீங்க" என்றாள். இதற்கு என்ன அர்த்தம், சொல்லு பார்க்கலாம். எனக்கு விளங்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதிவாளருக்கு இந்த மனு. சாக்பீஸ் டப்பாவுக்கு முத்திரை வைக்கவில்லை, ஆகவே தேர்தல் செல்லாது. இரண்டு ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். ஒன்று என்னுடையது. இன்று மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டால் நீ பன்னிரண்டாவது ஆய்வாளர். நாலு மணிக்குள் இது போய்ச் சேர்ந்துவிட்டால் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. உனக்காகத்தான் இவ்வளவும் பேசினேன். நாளைக்கு உன் கையில் ஒருவர் சாம்பார் வாளியைக் கொடுத்தால் உனக்காகப் பேச ஒருத்தி வேண்டாமா? இந்தா பேனா. மூடியைக் கழற்று. இங்கே.

என்ன யோசனை? படித்துப் பார்க்கிறாயா? படி, நல்லது. படித்துவிட்டு எதற்கு மூடியைத் திருப்பிப் போடுகிறாய்? 'நான் இன்னும் சேரவே இல்லையேக்கா'வா? சேரத்தானே வந்திருக்கிறாய்! பெட்டியை ஏன் கீழே வைத்துவிட்டாய்? மாடிப்படிவரை கொண்டுபோய் வைத்தால் போதும், அதற்கப்புறம் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? கனமா? இவ்வளவு நேரம் மடியில் வைத்துக்கொண்டுதானே இருந்தாய்?

யாரது? ஓ, கோகிலாவா. வா, வா. மணி பதினொன்றுதான் ஆகிறது, அதற்குள் சாவிக்கு வந்துவிட்டாயா? இல்லையா? மேடம் வந்துவிட்டாரா? எந்த பிருந்தாவைக் கூப்பிடுகிறார்? இவளா பிருந்தா? உனக்கு எப்படி இவள் பெயர் தெரியும்? காலையில் பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பேசினாயா. சரிதான். நான் ஒரு மணி நேரமாக வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ பெயரைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

என்ன? பெட்டியா? "ஒரு பக்கம் நீங்க புடிங்க்கா, ஒரு பக்கம் நான் புடிக்கறேன்" என்கிறாயா? கதவில் நீயே ஒட்டின விதி என்ன ஆயிற்று? "ரெண்டு பேரும் புடிச்சா அது வேற"வா? நல்ல வியாக்கியானம். வேண்டாம் தாயே, இங்கேயே இருக்கட்டும். நாலு மணிவரை இது என் மேசைதான்.

போ பிருந்தா, போ. மேடத்தைக் காக்க வைக்காதே. படிவத்தை மறந்துவிட்டுப் போகிறாய் பார், எடுத்துக்கொள். மனுவை அங்கேயே வை. இல்லை, எனக்கொன்றும் வருத்தமில்லை. கிடிங்ஸுக்கும் இப்படித்தான், முதலில் யாரும் வரவில்லை.

பிருந்தா, ஒரு நிமிஷம். கையெழுத்து வாங்கினதும் கேன்டீன் பக்கமா போற?